இந்த வருடத்துக் காய்ச்சல்

15-3-81, ஞாயிறு

நல்ல வெயில். காற்று இல்லை. எழுத்து கோணல்தான். ஏர் பிடித்துக் காய்த்த கை, பேனா வழுக்குகிறது. பின்னால் இதைப் படிக்கப்போவது நான்தான், நானே பொறுத்துக்கொள்ள வேண்டும். முதியோர் வகுப்பு டீச்சர் தோன்றும்போதெல்லாம் நாலு வரி எழுதச் சொன்னார்கள்.

அறுவடை முடிந்த வயலில் இன்று கிடை மாடு இறங்கியது. ராமநாதபுரத்து ஆட்கள். ஒரு மாதம் அங்கேயே கிடந்து சாணி போடும். என் பசு மயிலையையும் அதோடு கட்டினேன். எட்டு மாதச் சினை. பக்கத்து வயல் கோவிந்தசாமியிடமும் சொன்னேன்: "ஒன் மாட்டையும் இங்கயே கட்டு தம்பி. சாணி ரெண்டு பேருக்கும் ஆவும்." அவனும் கட்டினான்.

என் பெயரை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்றாவது அழகு.

1-4-81, புதன்

மயிலை தீனி எடுக்கவில்லை. உடம்பு கொதிக்கிறது. மூத்திரம் காப்பி நிறம். போன வருடமும் இப்படித்தான், மூன்று நாளில் தானே தெளிந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன்.

கோவிந்தசாமி (இனி கோ.) மாட்டுக்கும் அதே. மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினான். "போன வருசம் வந்ததுதான். எதுக்கு அலையிற?" என்று நிறுத்திவிட்டேன்.

என் சம்சாரம் தங்கம்: "தொரை எளுதுனது போதும். எந்திரிச்சு மாட்டப் பாருங்க."

3-4-81, வெள்ளி

காலையில் கோ. மாடு செத்துவிட்டது.

பஸ் பிடித்து அம்பகரத்தூர் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் வந்தார். மயிலையின் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம், கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டார். ஊசி போட்டார். "ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கணும் பெரியவரே."

4-4-81, சனி

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த ரத்தத்தை மைக்ராஸ்கோப் என்ற குழாய்க் கண்ணாடி வழியாகக் காட்டினார். வேப்பங்கொட்டை இரண்டு சேர்ந்தாற்போல, ஜோடி ஜோடியாகக் கிருமி. உண்ணி கடித்து ஏறுமாம். அவ்வளவு சின்னதைக் கண்ணால் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம்தான் மாடு ஞாபகம் வந்தது.

"போன வருசமும் இதே கிருமிதான். பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. அது சாது, இது முரடு."

"நெல்லு மாதிரிங்களா? கையில ஒண்ணாத்தான் இருக்கும். வயல்லதான் ரகம் தெரியும்."

"அதேதான்" என்று சிரித்தார்.

கிடைக்காரர் சொன்னது: "எங்க மாட்டுக்கு ஒண்ணுமில்லையேய்யா! கன்னுக்குட்டியிலயே வந்து பழகிப்போயிரும்." பழகின மாட்டின் உண்ணியில் வந்தது, பழகாத மாட்டைக் கொன்றது.

5-4-81, ஞாயிறு

மூத்திரம் கொஞ்சம் வெளுப்பு. மயிலை அரைக் கட்டு வைக்கோல் தின்றது.

முதல் பக்கத்திலிருந்து படித்தேன். 15-ஆம் தேதி "இங்கயே கட்டு." 1-ஆம் தேதி "எதுக்கு அலையிற?" இரண்டும் நான் சொன்னது. எழுதாமல் இருந்திருந்தால் மறந்திருப்பேன்.

தங்கத்திடம் சொன்னேன். "ஊர்ல வேற யாரும் படிக்கப்போறதில்ல, விடுங்க" என்றாள். நான் சாப்பிடவில்லை.

8-4-81, புதன்

நோட்டை எடுத்துக்கொண்டு கோ. வீட்டுக்குப் போனேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுவதும் படித்தேன். வேகமாகப் படிக்க வரவில்லை, அதனால் அவனுக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது.

முடித்ததும் கேட்டான்: "ஒங்க மாட்ட மயிலைன்னு எளுதியிருக்கீங்க. எம் மாடு மட்டும் வெறும் மாடா அண்ணே?"

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். செவலை. எட்டு லிட்டர் கறக்கும் செவலை. அதையும் எழுதச் சொன்னான்.

12-4-81, ஞாயிறு

புழுக்கம். மயிலைக்கு மடி இறங்கியிருக்கிறது. வயிற்றில் கன்று அசைகிறது, கை வைத்துப் பார்த்தேன். தங்கம் ஒத்துக்கொண்டாள்: கிடாரி என்றால் கோவிந்தசாமிக்கு. காளை என்றாலும் பால் குடி மறந்ததும் மயிலையே அவன் வீட்டுக்கு. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. கன்று விழுந்ததும் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு என்னவென்று இங்கே எழுதுவேன். நாலு வரி இடம் விட்டிருக்கிறேன்.