ஐஸ் பதிவுக்கு நடுவே வந்து விழும் விளம்பரம்

அனுப்புநர்:
அ. விக்டர்,
ஐஸ், மீன்பெட்டி வியாபாரம்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்:
நுகர்வோர் விவகார அலுவலர் அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: இணையதள விளம்பரத்தால் பக்கம் தாமதமாகத் திறப்பதும், வாடிக்கையாளர் விரல் வேறு கடையில் போய் விழுவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற வாரம் வீராம்பட்டினம் பைபர் படகு உரிமையாளர் திருமதி சின்னக்கண்ணு என் இணையதளத்தில் ஐஸ் பதிவு செய்தார். ஐஸ் போனதோ வேறு கடையிலிருந்து. அதுவும் பாதி கரைந்தது. மீன் கெட்டுவிட்டது. "இன்னா விக்டரு, ஐஸு கேட்டா தண்ணி அனுப்பி வச்சிருக்க?" என்று கரையில் எல்லார் முன்னும் அவர் கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

2. அவர் போனை வாங்கிப் பார்த்தேன். என் கடையில் உடனே திறக்கும் பக்கம், சிக்னல் குறைந்த கரையில் வெள்ளையாகவே நின்றது. ஒருவழியாகப் பதிவுப் பொத்தான் வந்தது. தொடப் போகும் நேரத்தில் மேலே ஒரு விளம்பரம் இறங்கிப் பொத்தானைக் கீழே தள்ளியது. என் விரல் பட்டது எனக்குப் போட்டியான ஐஸ் கடை விளம்பரத்தில். அங்கேயும் அதே நீல நிறம், அதே மாதிரிப் பொத்தான்.

3. விளம்பரத்துக்கு இடம் விட்டது நான்தான், மறைக்கவில்லை. கடை ஷட்டரைப் பெயிண்ட் கம்பெனிக்கு விட்டதுபோல, இணையதளத்தை 'வலைவீதி' விளம்பர நிறுவனத்துக்கு விட்டேன். ஷட்டரில் எழுதிய பெயிண்ட் விளம்பரம் ஒருநாளும் நகர்ந்து வந்து வாசலை அடைத்ததில்லை.

4. இது ஏன் இப்படி என்று பக்கத்தைச் செய்து தந்த லூர்துபிரகாஷிடம் விசாரித்தேன். ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் அந்த இடம் விளம்பரக் கம்பெனிகளுக்குள் ஏலம் போகிறதாம். அது முடிந்து படம் இறங்கும்வரை என் பக்கம் இழுத்துக்கொண்டே நிற்கிறதாம். மீன் ஏலத்தில்தான் நானும் தொழில் பழகினேன். கரையில் கூடை கண்முன்னே இருக்கும், கேட்பவர் முகமும் தெரியும். இங்கே ஏலம் போவது சின்னக்கண்ணு பார்க்கப் போகும் பார்வை. அவருக்கே அது தெரியாது. டேட்டாவும் அவர் ரீசார்ஜில் போகிறது. இப்படி ஏலம் விட யார் அனுமதி தந்தார்கள்? தங்களுக்குத் தெரிந்தால் அறிய ஆவலாக உள்ளேன். விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தோம். அதே போன், அதே கரை. பக்கம் சட்டென்று திறந்தது.

5. 'வலைவீதி' நிறுவன மேலாளர் திரு. பிரேம்குமாரைக் கரைக்கே வரவழைத்து, விளம்பரத்தைத் திரும்பப் போட்டு, அதே போனில் ஐஸ் பதிவு செய்யச் சொன்னேன். அவர் விரலும் போட்டிக் கடைக்கே போனது. "பாத்தியா தம்பி, நீயே அங்கதான் போற!" என்றார் சின்னக்கண்ணு. மேலாளர் சிரித்துவிட்டார். அங்கேயே, படகுக்காரர்கள் முன்னிலையில், கீழே எழுதியுள்ள என் நிபந்தனைகளுக்குச் சம்மதமும் சொன்னார். மறுநாள் அவர்கள் தலைமை அலுவலகம், வாய்ப்பேச்சு செல்லாது, பழைய ஒப்பந்தமே தொடரும் என்கிறது. எங்கள் கரையில் ஏலம் முழுக்க வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது ஐயா.

6. இன்னும் சில நாளில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. அவை கிளம்பும் அன்று எல்லாரும் ஒன்றாக ஐஸ் கேட்பார்கள். அன்றும் விரல் தவறினால் என் வாடிக்கை மொத்தமும் போய்விடும். அதற்குள் இரு தரப்பையும் அழைத்து, கரையில் பேசியதை எழுத்தில் வாங்கித் தருமாறு வேண்டுகிறேன்.

பேசியது இது: பதிவுப் பொத்தான் வந்த பிறகே விளம்பரம். பக்கத்தின் அடியில், ஒன்றே ஒன்று. வந்த இடத்தைவிட்டு அது நகரக் கூடாது. வேறு ஐஸ் கடை விளம்பரம் கூடாது. சின்னக்கண்ணுவின் மீன் நஷ்டத்தில் பாதி அவர்கள், பாதி நான்.

இடம்: புதுச்சேரி
நாள்: 09.06.2025

தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,
அ. விக்டர்
(ஒப்பம்)