பக்கத்து வீட்டுப் பிள்ளை

கதக்,
ஜூன் 3

அன்புள்ள சுமங்கலா,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். தம்பி வீட்டுக் கிருகப்பிரவேசத்தில் நம் மகள் சிஞ்சனா கைகளை உதறிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாளே, அப்போது சிமெண்ட் ஏஜெண்ட், "யாருப்பா இந்தப் பொண்ணு?" என்று கேட்டார். "பக்கத்து வீட்டுப் புள்ள" என்று சொல்லிவிட்டேன். நீ பின்னால் நின்றது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்பது இன்னும் கேவலம்.

வீட்டுக்கு வந்துவிடு.

சங்கமேஷ்

*

தார்வாட்,
ஜூலை 1

சிஞ்சனாவின் அப்பாவுக்கு,

சுகம். வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள்.

அண்ணன் வீட்டருகே ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சி மையத்தில் இவளைச் சேர்த்திருக்கிறேன். ஊஞ்சலில் குப்புறப் படுத்து ஆடுகிறாள். கம்பளியில் இறுகச் சுருட்டி உருட்டினால் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். பத்து நாளாகச் சுவரில் தலையை மோதவில்லை. "இவ உடம்பு கேக்கறத நாம குடுக்கறோம், அவ்வளவுதான். திமிரு இல்லம்மா இது" என்றார் ஷைலஜா டீச்சர். திமிர் என்றுதானே நானும் இத்தனை நாள் அறைந்தேன். அன்று டீச்சர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சுமங்கலா

*

கதக்,
ஜூலை 12

சுமா,

நேற்று அந்தப் பயிற்சி மையத்துக்கு வந்திருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தேன். நீ உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். அவள் குதிப்பதற்கென்று கட்டிய வலைமேல் குதித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை நம் வீட்டில் நான் கேட்டதே இல்லை.

டீச்சர் வெளியே வந்து, "யாரப் பாக்கணும்? கொழந்தையோட அப்பாவா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, விலாசம் மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இந்த முறை அவளை நினைத்து வெட்கப்படவில்லை, சுமா. ஆறு வருஷமாக அவளுக்கென்று ஒன்றும் செய்யாதவன். அப்பா என்று சொல்ல நாக்கு எழவில்லை. இதை நீ வேறு யார் மூலமாகவோ கேட்க வேண்டாம் என்று நானே எழுதுகிறேன்.

சங்கமேஷ்

*

தார்வாட்,
ஜூலை 20

சிஞ்சனாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணன் கண்ணில் படாமல் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். படித்தால் அவன் உங்களை மதிக்க மாட்டான். எனக்கும் கோபம் போகவில்லை. வீட்டுக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

இப்போது கயிறு இழுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். மறுமுனையைப் பிடிக்க எனக்குத் தெம்பு போதவில்லை, என்னை இழுத்துத் தள்ளிவிடுகிறாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். ஜன்னலில் நிற்க வேண்டாம், உள்ளே வாருங்கள்.

நீங்கள் யார் என்று டீச்சரிடம் நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்கள்.

சுமங்கலா