வாஸ்கரின் சட்டைப்பைக் கல்

அன்பு மகள் யோகாஸ்தாவுக்கு, நீ கேட்பதற்கு முன்பே ஆசி தந்துவிட்டேன், கடவுள் உன்னை நல்லபடி வைக்கட்டும். இங்கே நானும் உன் மகன் அரிஸ்மெண்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அவன் தாடையில் போட்ட தையலைத் தவிர, அதைப் பிறகு சொல்கிறேன், பதறாதே. மாட்ரிட்டில் குளிர் தொடங்கியிருக்கும், நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவியின் வீட்டில் கம்பளி கேட்டு வாங்கிக்கொள், அவர்களாகத் தரமாட்டார்கள். இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லலாம் என்றால் தொலைபேசிக் கடையில் பாதி ஊர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது, மீதிப் பாதி வாஸ்கரின் சம்பளத்தில் இருக்கிறது. அதனால்தான் அங்கே வரும் துல்சேயின் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் பூங்காத் திடலில் சிறுவர் பேஸ்பால் தொடங்கி முப்பது வருடமாம், போன சனிக்கிழமை மேடை போட்டுக் கொண்டாடினார்கள். நகரத் தலைவர் திடலின் வரலாறு என்று ஒன்றை வாசித்தார், சர்க்கரை ஆலைக்காரர்களின் கருணையால் கிடைத்த நிலமாம், வாஸ்கரின் வியர்வையால் உருவான திடலாம். நான் திடல் வாசலில் மாவைத் தட்டி யானிகேக்கே பொரித்துக்கொண்டிருந்தேன், கரண்டியை மேடைமேல் எறியாமல் இருந்ததே பெரிது. கருணையாவது மண்ணாவது, கரும்பு வேர் பிடிக்காத கல்லு நிலம், கழுதையைக்கூட அங்கே கட்டமாட்டார்கள், அதனால் நமக்கு விட்டார்கள். அதைத் திருத்தியது உன் அப்பாவும் அவரோடு கரும்பு வெட்டியவர்களும், அவர்களில் பாதிப்பேர் ஹைட்டிக்காரர்கள், ஒருவர் பெயரும் மேடையில் வரவில்லை. இந்தப் பெரிய மனிதர்களுக்குக் கரும்பு வெட்ட அந்தக் கைகள் வேண்டும், வரலாற்றில் மட்டும் கூடாது. ஒவ்வொரு மழைக்கும் அந்த மண் புதுக் கல்லைத் துப்பும் என்பதால்தானே மட்டையைத் தொடுவதற்கு முன் ஆளுக்கொரு கல்லைப் பொறுக்கி ஓரத்தில் போட வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்தக் குவியல்தான் இன்றைக்கு இடப்பக்கச் சுவர். தினமும் ஒரே கல்லைச் சட்டைப்பையில் கொண்டுவந்து எல்லோரும் பார்க்கப் போட்டுவிட்டு, ஆட்டம் முடிந்ததும் எடுத்துப் போனவன் யார் என்று உனக்குத் தெரியும். "டேய் வாஸ்கர், இந்தக் கல்லுக்குக் கால் மொளச்சிருக்கா, தெனம் உன்கூடவே வருது" என்று நீ கேட்டதும் திடலே சிரித்தது. ஆனால் உனக்குப் பன்னிரண்டு வயதானதும் "ஆட்டத்துக்குப் பொண்ண எவன் காசு குடுத்து வாங்குவான்" என்று உன்னை அணியிலிருந்து வெளியே அனுப்பி, நீ பந்து பிடித்த இடத்தில் அவனைத்தான் நிறுத்தினார்கள், வந்த பந்தெல்லாம் அவன் கால் நடுவே போனது. ஒரு பந்தையும் பிடிக்காதவன் இன்றைக்குப் பையன்களைப் பிடித்து அமெரிக்க அணிகளுக்கு விற்கிறான்.

இப்போது கல் பொறுக்கும் வழக்கம் இல்லை. "என் பசங்க விரலு விலை போற விரலு, கல்லுப் பொறுக்கறதுக்கில்ல" என்று வாஸ்கர் நிறுத்திவிட்டான். கொண்டாட்டத்துக்கு முந்தின இரவு நல்ல மழை, மறுநாள் வெள்ளைக்காரர் ஒருவர் அமெரிக்க அணிக்குப் பையன்களைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். நீ நின்ற அதே இடத்தில் அரிஸ்மெண்டி நின்றான். தரையோடு வந்த பந்து கல்லில் பட்டு எகிறி அவன் தாடையைக் கிழித்தது. ஓடிவந்த வாஸ்கர் காயத்தைப் பார்க்கவில்லை, "கண்ண எங்கடா வெச்சிருந்த, கழுத" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினான். பிள்ளை ரத்தம் சொட்டச் சொட்டக் குனிந்து அந்தக் கல்லை விரலால் தோண்டியெடுத்து, சுவர்வரை நடந்துபோய் மேலே வைத்துவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் நின்றான். அந்த வழக்கத்தை அவனுக்கு யார் சொன்னார்களோ, நான் சொல்லவில்லை. அப்போது சுவர்மேல் உட்கார்ந்திருந்த குடிகாரன் ஃபெலிசோலா, "வாஸ்கர், பையத் தொட்டுப் பாரு, உன்னோட கல்லு இருக்குதான்னு" என்றான். உன் வயதுக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வெள்ளைக்காரர் அரிஸ்மெண்டியைத்தான் கேட்டாராம். அன்று சாயங்காலமே வாஸ்கர் நம் வீட்டில், குரலில் சர்க்கரைப் பாகு. "டோன்யா எஃபேமியா, இவன் என் சொந்தத் தம்பி மாதிரி, பள்ளிக்கூடத்த விட்டுட்டு என் வீட்டுல தங்கட்டும், உங்க மக கையெழுத்து ஒண்ணு போதும்" என்றான். நீ ஏற்கெனவே சரி சொல்லிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். நிஜமா என்று எனக்குத் தெரியவேண்டும். அவன் வீட்டில் தங்கிய மில்சியாதெஸ் என்ன ஆனான் என்று உனக்கு யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். குதிரைக்குப் போடும் ஊசியைத் தோளில் போட்டு, பந்து வேகமாகப் போகிறது என்று காட்டினார்கள். பதினெட்டு வயதில் கையைத் தூக்க முடியாமல் திரும்பி வந்தான், தலையை அவன் அம்மா வாரிவிடுகிறாள். மேடையில் அவன் பெயரும் வரவில்லை. அரிஸ்மெண்டியைக் கேட்டேன், "எனக்கு ஆடணும் பாட்டி, ஆனா அவரு வீட்டுல தூங்க மாட்டேன்" என்றான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இருக்கும் புத்தி இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு இல்லை.

நீ அவனைப் பெற்றவள், முடிவு உன்னுடையது. சரி சொல்வதானால் இங்கே வந்து, அவன் தாடைத் தையலைப் பார்த்துச் சொல். அதுவரை காலையில் பள்ளிக்கூடம், மாலையில் திடல், இரவில் என் பக்கத்துப் பாய், இதில் மாற்றமில்லை. புதன் ஞாயிறு தவறாமல் அவனிடம் பேசு, வேளைக்குச் சாப்பிடு, அந்தக் கிழவியைத் தனியாகத் தூக்கி முதுகை ஒடித்துக்கொள்ளாதே. கன்னி மாதா உன்னோடு இருக்கட்டும்.

கையெழுத்துக்காக வாஸ்கர் தந்த காகிதத்தை இந்த உறையில் தேடாதே. மறுநாள் அவன் பசியோடு என் பலகாரக் கடைக்கு வந்தபோது யானிகேக்கேயை அதில்தான் மடித்துக் கொடுத்தேன், நின்றபடியே தின்றுவிட்டு எண்ணெய்க் கையையும் அதிலேயே துடைத்துப் போட்டுவிட்டுப் போனான்.

உன் அம்மா
எஃபேமியா