ஏழு மில்லிமீட்டர்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. வாய்தான் முன்னைவிட ஜோர்.

சுரங்க ரயில் வேலையில் நான் என்னதான் செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். மண்ணைத் தோண்டுவது மற்றவர்கள். அந்தப் பாதைக்கு மேலே குடியிருப்பவர்களிடம் போய், இன்று என்ன நடக்கிறது, நாளை என்ன நடக்கும் என்று சொல்வது நான். ஒரு தெரு, நாற்பத்தொரு வீடு. பாராட்டு இன்ஜினியர்களுக்கு, திட்டு எனக்கு.

போன மாதம் அந்தத் தெருவை எட்டும் முன்பே தோண்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். மேலே நிலம் ஏழு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஏன் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. ‘பராமரிப்புக்காக நிறுத்தம்’ என்று நோட்டீஸ் அடித்துக் கொடுக்கச் சொன்னார் பெரிய இன்ஜினியர். கெட்டவர் இல்லை, தெரு மிரண்டால் வேலையே முடங்கும் என்ற பயம். நானும் அடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் வீடு தையல்காரம்மாவுடையது. நோட்டீசைப் படித்தவர் என்னை உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். முந்தாநாள் விழுந்த விரிசல். இதுவும் பராமரிப்பா என்று கேட்டார். மீதி நோட்டீசைப் பைக்குள் திணித்துவிட்டு உள்ளதைச் சொன்னேன். அவர் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிரித்து ஏழு மில்லியைப் பார்த்தார்.

“சட்டைக்குத் தையல் ஓரம் விடுறதே இதவிட ஜாஸ்தி. இதச் சொல்லவா இவ்வளவு பயந்தீங்க?” என்றார்.

எல்லோரும் அப்படி இல்லை. சாயங்காலம் தெருவே திரண்டு என்னை வறுத்தெடுத்தது. வீடு விழுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பயமுள்ளவர்களுக்கு விடுதியில் இடம் பிடித்துக் கொடுத்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு அன்றைய அளவோடு வருவேன் என்றேன். அலுவலகத்தில் வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். பெரிய இன்ஜினியரோ, சொன்னது சொன்னதுதான், இனி ஒரு நாள்கூடத் தவறாமல் போங்கள் என்றார்.

ஐந்தாம் நாள், நான் அளவைச் சொல்லும் முன்பே தையல்காரம்மா ஒரு தாளை நீட்டினார். துணி வெட்ட மாதிரி போடும் பழுப்புத் தாள். அதில் தெரு முழுக்க இருந்தது: எந்த வீடு, எந்தச் சுவர், விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது, எத்தனை மில்லி அகலம். யாரும் கேட்காமலே தெருக்காரர்கள் வீடு வீடாக அளந்திருக்கிறார்கள். விரிசல்கள் அத்தனையும் தெருவில் இருக்கும் ஒரு அச்சகத்தின் பின்கட்டைச் சுற்றியே வளைந்திருந்தன. அங்கே ஒரு பழைய கிணறு உண்டு, பலகை போட்டு மூடியது என்று அச்சகக்காரர் அப்போதுதான் சொன்னார். நாங்கள் இடத்தைப் பிடுங்கிவிடுவோமோ என்று பயந்து அதுவரை வாய் திறக்காத மனிதர். எங்கள் வரைபடம் எதிலும் அந்தக் கிணறு இல்லை.

பெரிய இன்ஜினியர் அந்தத் தாளைத் தரையில் விரித்து மண்டியிட்டுப் பார்த்தார்.

நிலம் இறங்கியது அந்தக் கிணற்றால்தான். அதை நிரப்பினார்கள். நேற்று இயந்திரம் தெருவுக்கு அடியில் போனது. நாற்பத்தொரு வீட்டு ஜனமும் வெளியே. வாய் ஓயாத தெரு, தம்பி, அது. நேற்று மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். நானும் கழற்றினேன். உள்ளங்காலில் ஒரு மெல்லிய அதிர்வு, மலை ஒன்று நமக்கு அடியில் புரண்டு படுப்பதைப்போல. எவ்வளவு பெரிய இரும்பு! அதைவிடப் பெரிது, அதற்கு மேலே நம்பி நின்ற அந்த ஜனம். மாலையில் நிலத்தை அளந்தார்கள். அசையவே இல்லை.

போனில் நீ பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் கடிதம். ஆஸ்பத்திரி முடிவு வந்து மூன்று வாரம் ஆயிற்று என்று உன் மனைவி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதே. என்ன வந்திருக்கிறதோ அதை அப்படியே எழுது. டாக்டருக்கே தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று எழுது. அழுவேன்தான், அழுதுவிட்டு வந்து உன் பக்கத்தில் உட்காருவேன்.

நீ நூறாண்டு இருக்க வேண்டும், கண்ணு.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்,
அக்கா