நாலு ஸ்க்ரூவின் மேல் வெள்ளைக் கோடு

மார்ச் 3, செவ்வாய்

காலை 44 டிகிரி. மாலை 96, அப்புறம் தானாக அணைந்துபோனது.

அத்தான் சொன்னபடி எழுதிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கையில் நோட்டைக் கொடுத்து, "புதுக் கம்ப்யூட்டரோட சூட்டைத் தினமும் குறிச்சு வை மாப்ளே" என்கிறார். செத்துப்போன அக்காவின் புருஷன் கேட்டால் மாட்டேன் என்றா சொல்வேன்? அதை ஒவ்வொரு பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுத்தவரே அவர்தான். அதற்காக வந்தவர் எங்களோடுதான் தங்கியிருக்கிறார்.

என் வீட்டுக்காரி அதில் கல்யாண ஆல்பம் செய்கிறாள். பாதி ஆல்பத்தில் அது கண்ணை மூடினால் என்னைத்தான் முறைக்கிறாள். நான் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். எனக்கும் அதற்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறு?

மார்ச் 5

அத்தான் சூட்டை இழுக்கிற கூலரைக் கழற்றி, அடியில் கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரைத் துடைத்து, சூடு கடத்துகிற பேஸ்டைப் புதுசாகத் தடவி, மறுபடி பூட்டினார். "கூலர் அது மேல அழுந்தி உக்காரணும் மாப்ளே. மயிரிழை தூக்கினாலும் சூடு வெளிய போக வழியில்ல."

உடனே 41. "டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் ஓடிருச்சே!" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்து முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மாலை 95.

மார்ச் 6

97.

மார்ச் 9

தினமும் காலையில் அத்தான் கொஞ்ச நேரம் குடைகிறார், இறங்கிவிடுகிறது. மதியம் வரைக்கும் சாதுவாக இருக்கிறது. வீட்டுக்காரி அச்சகத்துக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தால் கொதிக்கிறது. அவள் வெளியே போயிருக்கிற நேரம் அங்கே யாரும் இல்லை. அத்தான் உள்ளறையில் தூங்குகிறார்.

"நான் வர்றப்ப கம்ப்யூட்டர் நாற்காலி வெதுவெதுன்னு இருக்குங்க," என்றாள்.

"பேய்க்கும் கல்யாண ஆசை வந்திருக்கும். ஆல்பம் பாக்குது."

சொல்லிவிட்டேனே தவிர, இன்றைக்கு நான் அதில் உட்காரவில்லை.

மார்ச் 11

வேலைக்குப் போகாமல் இருந்தவன், அத்தான் குளிக்கப் போனபோது கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைத் திறந்தேன். கூலரின் நாலு ஸ்க்ரூவும் தளர்ந்திருந்தன. நாலும் ஒரே அளவு. இறுக்கினேன்.

அவரிடம் எப்படிச் சொல்வது? அக்கா போன பிறகு ஏழு மாதம் ஸ்க்ரூ டிரைவரையே தொடாத மனுஷன். முதல் வேலையிலேயே கை பிசகிவிட்டது என்று தெரிந்தால் மறுபடி முடங்கிவிடுவார்.

மார்ச் 12

சுவர் வெடிப்பு வளர்கிறதா என்று பார்க்க நாங்கள் குறுக்கே ஒரு கோடு போட்டு வைப்போம். வெடிப்பு அகன்றால் கோடு உடையும். காலையில் அத்தான் குடைந்து முடித்ததும், கிளம்பும் முன் சின்ன பிரஷ்ஷால், ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலிருந்தும் தகடு வரைக்கும் வெள்ளைக் கோடு இழுத்தேன்.

மார்ச் 13

விடிந்ததும் திறந்து பார்த்தால், நாலு கோடும் உடைந்திருக்கின்றன. ஸ்க்ரூ தானாகச் சுற்றுமா?

"அத்தான், நேத்து மதியம் யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலையே." கொஞ்சம் யோசித்தார். "வெளியாள் யாரும் வரல."

மார்ச் 14

இன்று ஒருத்தரையும் கிண்டல் பண்ணவில்லை. வீட்டுக்காரி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மார்ச் 16

மதியமே வந்துவிட்டேன். செருப்பை வாசலில் விட்டு, நடையில் நின்றேன். பேச்சுக் குரல்.

அந்த நாற்காலியில் அத்தான். மூடி திறந்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்க்ரூவாக, அளந்து, தளர்த்துகிறார். பக்கத்திலிருந்த வெறும் ஸ்டூலைப் பார்த்துப் பேசிக்கொண்டே.

"சரியாப் போச்சுன்னா நாளைக்கே நான் கிளம்பணும்ல... ஆமா, அவன் போகச் சொல்லமாட்டான். வேலை இல்லாம எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க இருக்கிறது?" நிறுத்தினார். எதையோ காது கொடுத்துக் கேட்டார். தலையாட்டினார். "அங்க நம்ம வீட்டுல நீ பேசவே மாட்டேங்கிற. நாலு சுவர்தான். இங்க உன் தம்பி சிரிக்கிறப்பத்தான் நீ வர்ற."

அக்காவுக்கும் எனக்கும் ஒரே சிரிப்பு, கண்ணை மூடிக் கேட்டால் யாரென்று தெரியாது என்பார்கள். மறந்தே போயிருந்தேன்.

சத்தம் போடாமல் வெளியே போய், தெருமுனையில் சும்மா நின்றேன். ரொம்ப நேரம். அந்த ஸ்டூலை நானும் ஒரு தடவை பார்த்தேனே — ஏன் பார்த்தேன்?

மார்ச் 17

"அத்தான், உங்க துணிப்பெட்டியைப் பரண்ல ஏத்திட்டேன். எனக்கு இடுப்பு வலி. இனிமே இறக்க மாட்டேன்."

"கம்ப்யூட்டர் சரியானதும்..."

"சரியாகட்டும், ஆகாம நாசமாப் போகட்டும். நீங்க எங்கயும் போகல."

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசைமேல் வைத்தார். "நீ ஏதாச்சும் பாத்தியா மாப்ளே?"

"எதை?"

"ஒண்ணுமில்ல."

மார்ச் 18

மாலை 66.

மார்ச் 24

ஒரு வாரமாக அறுபத்தெட்டைத் தாண்டவில்லை. இரண்டு ஆல்பம் முடிந்தன.

சமையலறையில் வீட்டுக்காரி ஏதோ சொன்னாள். என்னை மறந்து சிரித்துவிட்டேன். உள்ளறையிலிருந்து அத்தான் குரல், அக்கா இருந்த காலத்துத் தெம்போடு:

"என்னடி, அப்படி என்ன சிரிப்பு?"

வீட்டுக்காரி கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். பேசாதே என்று கை காட்டினேன். உள்ளே அவர் காத்திருப்பது தெரிந்தது.

"ஒண்ணுமில்லைங்க" என்று பதில் போயிற்று. என் வாயிலிருந்துதான்.