ஏரிநீர் குடித்தவன்

நலம் பெருகுக. குறிஞ்சல் நாட்டுக்கும் அதன் நீர்நிலை அனைத்துக்கும் உரியவளாகிய அரசி மாறன்தேவி, பேரேரிக் கோட்டத்தைக் காக்கும் அதிகாரி ஆதன் கீரனாருக்கு விடுக்கும் ஓலை. உமது கோட்டத்து வயலும் கன்றும் மக்களும் வாழ்க. உம்மை வாழ்த்த இன்று எமக்கு மனமில்லை.

நம் ஏரிநீரை மூன்றாண்டு குடித்தவர், எந்நாட்டில் பிறந்தவராயினும் நம் குடியே என்று எம் பாட்டனார் கல்லில் வெட்டுவித்தார். குடிகளுக்கு நாட்கூலி ஒரு படி நெல், பிறநாட்டிலிருந்து வந்த வரத்தருக்கு அரைப்படி என்பதும் அதே கல்லில் உள்ளது. நீர் செய்தது என்ன? பஞ்சம் பிழைக்க வந்து நம் ஏரிக்கு மண் சுமப்போருக்குக் கரைக்கு அப்பால் ஓர் உவர்க்கேணி தோண்டிக் கொடுத்து, ஏரியில் கை வைத்தால் கசையடி என்று காவலும் வைத்தீர். ஏரிநீர் குடியாதவர் குடியாகார், குடியாகாதவருக்கு அரைப்படியே, அவருள் எவரும் வேலையாட்கள் கொத்துக்குத் தலைவராகவும் ஆகார். பன்னீராண்டாய் அதே கூடை, அதே மண், பாதிக் கூலி. இதைச் சிக்கனம் என்று எமக்கே எழுதி அனுப்பினீர், வெட்கமில்லையா உமக்கு?

சென்ற பெருமழையில் மதகு அடைபட்டுக் கரை விரிசல் கண்டபோது, உம் முழுப்படிக்காரர் எல்லாரும் கைகட்டி நிற்க, வரத்தனாகிய நள்ளன் என்பான் ஏரியில் மூழ்கி அடைப்பை நீக்கினான். கோட்டம் பிழைத்தது; அவன் பிணமாய் மிதந்தான். ஏரிப்பணியில் இறந்த குடிக்கு உரிய நிலத்தைத் தன் மக்களுக்குக் கேட்டு அவன் மனைவி பூதி வந்து நிற்க, அவன் ஏரிநீர் குடித்தவன் அல்லன் என்று மொழிந்தீராம். அதிகாரியாரே, அவன் வயிறும் மூச்சும் நிறைந்து கிடந்தது எந்த நீர்?

அப்பெண் பிள்ளைகளோடு நாடு நீங்கப் புறப்பட்டாள் என்று கேட்டோம். ஆகவே, இவ்வோலை கண்ட கணமே உவர்க்கேணியைத் தூர்த்து, வரத்தர் யாவரையும் குடிகளாக எழுதி, முழுப்படி அளப்பீராக. கல்லில் அரைப்படி என்ற வரியை யாமே கொத்தி எறிவிப்போம். ஏரிநீர்க் குடத்தை உம் தலையிலேயே சுமந்து, பல்லக்கு ஏறாது நடந்து சென்று, பூதிக்கு நிலத்தைத் தாரை வார்த்து அழைத்து வருவீராக. அதற்குள் அவள் எல்லை கடந்துவிட்டால் உமக்கும் இந்நாட்டில் இடமில்லை. அயல்நாட்டில் மண்கூடை தூக்கி, அந்தி சாயும்போது உமக்கு எத்தனை படி அளக்கிறார்கள் என்று பாரும்.

இது அரசாணை. எம் மோதிரம் பதித்த அரக்குச் சூடு இன்னும் ஆறவில்லை; எம் சினமும் ஆறவில்லை.