பிசிறு விட்ட போர்வை

நீ உயிரோடிருந்தபோது உன் கையாலேயே கத்தரித்த புடவை, நீ போன பிறகு இறந்தவள் துணி ஆகிவிடுமா? எனக்குப் பதில் தெரியவில்லை. ராகு காலம் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்புகிற என்னைப் போய், அதுவும் ராகு காலத்தில்தான் கிளம்புவேன் என்று அடம்பிடிக்கிற என்னைப் போய், இப்படி ஒரு கேள்வி பிடித்துக்கொண்டதே என்று நீ சிரிப்பாய். ஆனால் நாளைக் காலை இந்தப் போர்வையோடு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறப்போகிறேன். பதில் சொல்ல வேண்டியவர் உன் சம்பந்தியம்மா.

போர்வை மேசைமேல் மடித்துக் கிடக்கிறது. உன் பீரோவின் பாச்சை உருண்டை வாசனை இன்னும் போகவில்லை.

உன் மகள் மலர் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரம், பழைய புடவைகளும் இரண்டு கஜம் பிளானலும் கத்தரியுமாக நீ வந்து நின்றாய். "உன் வூட்டு டேபிள்தான் பெருசு, நவுரு" என்றாய். ஃபோனில் எங்கேயோ பார்த்துவிட்டு வந்திருந்தாய். மேலே புடவைச் சதுரம், நடுவிலும் அடியிலும் பிளானல். மூன்றையும் சேர்த்துக் குறுக்காக ஒரு தையல். பிறகு சதுரத்தோடு சதுரத்தைச் சேர்ப்பது. சேர்த்த ஓரமெல்லாம் மேல்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது, உள்பக்கத்த வெளிய வச்சித் தைக்கிற?"

"அதாண்டி இதுல விசேஷம். தச்சத மறைக்க வேணாம். ஓரத்த சின்னச் சின்னதா வெட்டி வுட்டு, துவைச்சா பிசிறு பூ மாதிரி விரிஞ்சிக்கும்."

"ஒரே துவையல்ல மொத்தமும் பிரிஞ்சிடும்."

"நீ இன்னாத்ததான் நம்பியிருக்க, இத நம்ப?"

அது உண்மை. விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலேயே நீ செய்கிறவள், நான் சந்தேகப்படுகிறவள். நீ கணக்கு டீச்சரானாய், நான் கல்லூரியில் தாவரவியலுக்குப் போனேன். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மலரை வளர்த்தாய். அவள், தன்னோடு வேலை பார்த்த மலைக்காரப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது, எலவனாசூர்கோட்டையிலிருந்து உன் அண்ணன் வந்து குதித்தார். "மலைக்கா பொண்ண குடுக்கற?" என்றார். "நான் இன்னா குடுக்கறது? அவ போறா" என்றாய். காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தேன். அன்று உன்னை நினைத்து எனக்கிருந்த பெருமையை உன்னிடம் சொன்னதில்லை. அப்படியெல்லாம் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. இப்போது சொல்கிறேன்.

என் மேசையில் வெட்டி, உன் வீட்டு மெஷினில் தைத்து, சதுரங்களை வரிசை வரிசையாகச் சேர்த்து முடித்தாய். வரிசைகளை ஒன்றாக இணைப்பதற்குள், நெஞ்சை என்னவோ செய்கிறது என்று ஆட்டோவில் ஏறியவள் திரும்பி வரவில்லை. காரியம் முடிந்ததும் உன் புடவைகளையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இந்த வரிசைகள் மட்டும் என் வீட்டில் கிடந்ததால் தப்பின.

உன் வீடு பூட்டிக் கிடக்க, மலர் பிரசவத்துக்குத் தாய்வீடு வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் பெற்று நேரே மாமியார் வீட்டுக்குப் போனாள். பிறந்த பிள்ளைக்கு முதலில் பழைய துணிதான் போடுவார்கள், அது தாய்வீட்டிலிருந்து வர வேண்டும். அவளுக்கு அப்படி வருவதற்கு இந்தப் போர்வையை விட்டால் வேறெதுவும் இல்லை. ஆனால் இறந்தவர் துணியைப் பிள்ளை பெற்றவள் இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுபோக மாட்டார்கள். இரண்டும் ஒரே துணியாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

வரிசைகளை இணைக்கச் சொல்லி பஸ் ஸ்டாண்ட் டெய்லரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வெற்றியோடு எடுத்து விரித்தார். "மேடம், யாரோ தொழில் தெரியாதவங்க தச்சிக்கிறாங்க. ஓரமெல்லாம் மேல நிக்குது. எல்லாத்தையும் உள்ளாரத் தள்ளி, படிய அடிச்சிட்டேன். இப்ப பாருங்க, கடைத் துணி கணக்கா கீது." அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. தையல் வெளியே தெரிந்தால் அவருக்கு அது மானக்கேடு. நன்றி சொல்லி வாங்கி வந்து, உன் தையலைத் தொடாமல் அவர் தையலை மட்டும் பிளேடால் பிரித்தேன்.

பிறகு உன் தையல் மெஷினை என் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். முதலில் பெடல் பின்பக்கமாகவே ஓடியது. கல்லூரி விட்டு வந்த சாயங்காலங்களில் கற்றுக்கொண்டேன். வரிசைகளை நானே இணைத்தேன், ஓரங்களை நானே வெட்டி விட்டேன். துவைக்க மட்டும் செய்யவில்லை. மழை என்று மலரிடம் ஃபோனில் சொன்னேன். மழை ஒரு சாக்கு. என் கத்தரி எங்கேயாவது தையலில் பட்டிருந்தால் தண்ணீரில் எல்லாம் கையோடு வந்துவிடும் என்ற பயம்தான் காரணம்.

இந்தச் சதுரங்கள் யார் புடவை என்று அங்கே யாருக்கும் தெரியாது. சொல்லாமல் கொடுத்துவிடலாம். நீ வேலையில் சேர்ந்த அன்று கட்டிய பச்சைச் சுங்குடி நடுவில் இருக்கிறது, அதைப் பார்த்தால் சொல்லாமல் இருக்க முடியும் என்று தோன்றவில்லை.

மறுநாள் நடந்ததை எழுதி முடிக்கிறேன்.

மலரின் மாமியார் வீட்டு வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. உட்காருவதற்கு முன்பே சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டேன். "இது அவ புடவைங்க. இருந்தப்பவே அவ கையால வெட்டினது." உள்ளேயிருந்து மலர் எட்டிப் பார்த்தாள். சம்பந்தியம்மா போர்வையை வாங்கி விரித்தார், முகத்தருகே கொண்டுபோனார்.

"இன்னாங்க டீச்சர், பாச்சை உருண்ட நாத்தம் இப்டி அடிக்குது. துவைக்காமயா எடுத்தாந்தீங்க?"

அவ்வளவுதான். ஒரு வாளியில் மஞ்சளைக் கரைத்து முக்கியெடுத்து, கல்லில் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"மெதுவாங்க, பிரிஞ்சிடும்."

"பிரிஞ்சா பிரியட்டும். இந்தக் குளுருக்கு நிக்காத துணி இன்னாத்துக்கு?"

நல்ல வெயில், நல்ல காற்று. மாலைக்குள் வேலியில் காய்ந்துவிட்டது. வெட்டிய ஓரமெல்லாம் நீ சொன்னபடியே விரிந்து, மஞ்சள் ஏறி நின்றது. ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்தேன். ஒரே ஓர் இடத்தில் விட்டிருந்தது. அது உன் வரிசையில். நான் தைத்ததில் ஒன்றுகூட விடவில்லை! சம்பந்தியம்மா கையில் கிடைத்த கறுப்பு நூலால் அதை மூடிவிட்டு, பிள்ளையைத் தூக்கிப் பச்சைச் சுங்குடிமேல் போட்டார். அவன் ஒரு பிசிறைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். மலர் அழுதாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

மலையிறங்கும்போது கண்டக்டர் என் புடவையெல்லாம் ஒட்டியிருந்த மஞ்சள் பஞ்சைப் பார்த்தார்.

"இன்னாமா, மில்லு வேலையா?"

"இல்லைங்க," என்றேன். "போர்வை தைக்கிறேன்."